மேட்டுப் பிளாட்பாரம்

முதலில் டிபன் கேரியர் வந்து விழுந்தது.

வழக்கம்தான். ஓடும் ரயிலிலிருந்து ஞானராஜ் இறங்கும் முறை அது. முதலில் கேரியர், அடுத்து செருப்பு, கடைசியில் ஆள்.

ஆனால் இன்றைக்குக் கேரியர், வைக்கோல் பரப்பியிருந்த இடத்தையும் அங்கே நின்றிருந்த அவன் மனைவி பாக்கியமேரியையும் தாண்டிப் பறந்து, சப்பாத்திக்கள்ளிப் புதரில் போய் விழுந்தது.

அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் கடைசிப் பெட்டியும் பாறை வளைவுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

ஊருக்கு ஒரு ஸ்டேஷன் வேண்டும் என்று மனுப் போட்டவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மனு மட்டும் பரிசீலனையில் உயிரோடு இருக்கிறது. அதுவரை சும்மா இருக்க முடியுமா? கரி எஞ்சின் இந்த மேட்டில் ஏறும்போது இழுப்பு நோய்க்காரனைப் போல மூச்சு வாங்கும். கம்பைநல்லூர் சந்தைக்குப் போகிற மாட்டு வண்டி அதை முந்திக்கொண்டு போகும். அந்த இடமாகப் பார்த்துக் குழியை நிரவி, கேழ்வரகு வைக்கோலைப் பரப்பி, ஊரே ஒரு பிளாட்பாரம் போட்டுக்கொண்டது. ரயில்வேக்குச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு மனுக் கேட்பார்கள்.

இப்போது அங்கே இறங்குகிறவன் சேலத்து மில்லில் வேலை பார்க்கும் ஞானராஜ் ஒருவன்தான். முன்பு மாதுவும் கூட இறங்கினான். போன வருஷம் குதித்ததில் கால் முறிந்தது. மில் வேலை போனது. கால் கூடினால் இனி செருப்பே போடுவதில்லை என்று தீர்த்தமலைச் சாமிக்கு வேண்டிக்கொண்டான். கூடியது, கொஞ்சம் கோணலாக. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வெறுங்காலோடு வந்து வைக்கோலை உதறிப் பரப்புகிறான்.

ஊர் அவனை ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கிவிட்டது. சம்பளமும் உண்டு. மனைவிக்கென்று ஞானராஜ் கேரியரின் அடி அடுக்கில் கொண்டுவரும் கேன்டீன் வடையில் பாதி. பாக்கியமேரி பிட்டு முடிப்பதற்குள் மாதுவின் கை நீண்டிருக்கும்.

"ஏண்டா ஸ்டேசன் மாஸ்டரு, என்னடா வண்டி இது, பேய் புடிச்ச மாதிரி போவுது?" என்றாள் பாக்கியமேரி.

"டீசல் எஞ்சின்க்கா. கரி வண்டி போச்சு. இனிமே மேடும் பள்ளமும் அதுக்கு ஒண்ணுதான்."

கோயிலில் ஆறு மணி ஜெபமணி அப்போதுதான் அடித்தது. ஜெபமணிக்கு முன்னால் அந்த வண்டி வந்ததாகப் பாக்கியமேரிக்கு நினைவே இல்லை. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ரயில் நேரத்துக்கு வந்துவிட்டதே என்று அந்த ஊரில் ஒருத்தி பயந்தது அன்றுதான் முதல்முறை.

வைக்கோலைக் காலால் விலக்கிப் பார்த்தாள். சரளைக்கல்லின் மேல் பார்த்தாள். புதருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். செருப்பு எங்கேயும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"செருப்பு விழல மாது. கேரியர வீசிட்டு, வேகத்தப் பாத்துப் பயந்திருப்பாரு. மழையில ஒருக்கா இப்படித்தான், கேரியர் மட்டும் வூடு வந்துச்சு. மனுசன் அடுத்த ஸ்டேசன்ல எறங்கி, என்னமோ நான்தான் வண்டிய ஓட்டுன மாதிரி என்னைய வஞ்சிகிட்டே நடந்து வந்தாரு."

டயர் செருப்பு வழுக்கும் என்பான் ஞானராஜ். வெறுங்காலில் குதிப்பதுதான் அவனுடைய பாதுகாப்பு ஏற்பாடு. செருப்பைக் கழற்றி வீசிவிட்டால் குதிக்கப் போகிறான் என்று அர்த்தம். காலிலேயே கிடந்தால் வண்டியோடு போகிறான்.

"எதுக்கும் பாறைக்கு அந்தாண்ட ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்" என்று மாது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தண்டவாள ஓரமாகக் காலை இழுத்து இழுத்து நடந்தான்.

அவள் கேரியரைப் பொறுக்கினாள். ஓர் அடுக்கு நசுங்கியிருந்தது. மூடி கள்ளிக்குள் சொருகியிருந்தது. வடை மண்ணில் கிடந்தது. ஊதினாள். முந்தானையில் துடைத்தாள்.

வீட்டுக்குப் போய் வெந்நீர் போட வேண்டும். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வருகிற மனுஷன், கால் வலிக்கிறது என்று முனகும். டீசலைத் திட்டும். அரசாங்கத்தைத் திட்டும். இடையில் அவளையும் ஒரு வாய் திட்டும்.

திட்டட்டும். இன்றைக்குத் திருப்பித் திட்டுவதில்லை என்று முடிவு செய்தாள்.

மாது வளைவிலிருந்து திரும்பி வந்தான். போனதைவிட மெதுவாக வந்தான்.

"செருப்பு கெடக்குதா?"

"இல்லக்கா." வைக்கோலைப் பார்த்துத்தான் சொன்னான். "மாமா வண்டியிலதான் போயிருக்காரு. நீ வூட்டுக்கு நட. நான் ஆளுங்கள… நான் ஸ்டேசனுக்குப் போயி கூட்டியாறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் காலை வைத்துக்கொண்டு இவன் போய்ச் சேர்வதற்குள் அந்த மனுஷன் வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தே விடும்.

வடையைப் பிட்டாள். இன்றைக்குப் பெரிய பாதியை அவனுக்கு நீட்டினாள்.

"இந்தா, சம்பளம்."

மாதுவின் தோளில் துண்டு இல்லை. இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் எதையோ பிடித்திருந்தன.

"புடிடா" என்றாள். "கை வலிக்குது எனக்கு."

அவன் கைகள் முன்னால் வரவே இல்லை.