தேதியும் காரணமும்

"நாலு நாளா வைஃபை இல்லாம உங்க மாமாவுக்கு வீட்லேர்ந்து பார்க்கிற ஆபீஸ் வேலையே ஓடல. போன் நெட்டை அங்க ஒத்துக்க மாட்டாங்களாம். நீதான் பார்க்கணும்" என்று தம்பியை லேப்டாப் முன்னால் உட்கார வைத்துவிட்டு அக்கா சமையலறைக்குப் போனாள்.

லினக்ஸ் லேப்டாப். வைஃபை கார்டு நன்றாகத்தான் இருந்தது. அதை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் ஏறவில்லை. தம்பி புதிதாக ஒன்றைப் போட்டுப் பார்த்தான். அதுவும் மசியவில்லை.

"விட்டுடுப்பா, பழைய கார்டு" என்றார் மாமா, அக்காவின் கணவர். இதோடு மூன்றாவது தடவை.

"லேசுல விடுவேனா மாமா?"

எந்தெந்த டிரைவர் ஏறக்கூடாது என்று எழுதி வைக்கும் ஃபைலைத் திறந்தான். வைஃபை டிரைவரின் பெயர் அதில் இருந்தது. யாரோ கையால் டைப் அடித்துச் சேர்த்திருக்கிறார்கள்.

மாமாவுக்கு ஒரு பழக்கம். எந்த ஃபைலில் கை வைத்தாலும் தேதியும் காரணமும் குறித்துவிடுவார். இதிலும் குறித்திருந்தார்.

'மூன்றாம் தேதி. வேலை போய்விட்டது. அவளிடம் சொல்லும்வரை வைஃபை வேண்டாம்.'

தம்பி திரும்பினான். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, சரியாச்சா?" சமையலறையிலிருந்து அக்காவின் குரல்.

தம்பி அந்தக் குறிப்பை மட்டும் அழித்தான். டிரைவருக்குப் போட்ட தடையில் கை வைக்கவில்லை.

"கார்டே போயிடுச்சுக்கா. புதுசு வர பத்து நாள் ஆகும்" என்றவன், குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"போதுமா மாமா?"