மாதா காலடியில் இரண்டு சீட்டு

"ரெண்டு சீட்டுலயுமே முந்திரித் தோப்புன்னுதான் எழுதியிருப்பாரு. நீ வேணா பாரு" என்றான் லூர்து பிரகாஷ்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெலிசியா கணவனை முறைத்தாள். "அவரு உங்க கூடப் பொறந்த அண்ணனுங்க."

"அதனாலதான் சொல்றேன். சின்ன வயசுல பூவா தலையா போட்டா எப்பவும் அவருதான் ஜெயிப்பாரு. அது எப்டி?"

"போன தடவை யாரு ஜெயிச்சாங்கன்னு காசுக்கு என்னங்க தெரியும்? ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதிதான். நீங்க தோத்தத மட்டும் ஞாபகம் வெச்சிருக்கீங்க."

செல்போன் ரம்மியில் கடையையே தொலைத்த நாளிலிருந்து லூர்துவுக்கு உலகத்தில் எல்லாமே செட்டப்தான். ரம்மி செட்டப், கிரிக்கெட் செட்டப், மாதா கோயில் திருவிழாக் குலுக்கல்கூட செட்டப். கடை போன சமயத்தில் அண்ணன் உதவி செய்ய வந்தபோது, 'இதுல என்ன உள்குத்தோ' என்று வாசலோடு திருப்பி அனுப்பிய மகராசன் அவன்.

இன்று அப்பாவின் சொத்தைப் பாகம் பிரிக்கிறார்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு. காடாம்புலியூரில், புயலில் பாதி மரம் சாய்ந்துபோன ஒரு முந்திரித் தோப்பு. வீட்டிலிருக்கும் மாதா சுரூபத்தின் காலடியில் சீட்டுப் போட்டு எடுப்பதுதான் அந்தக் குடும்பத்து வழக்கம். சிதம்பரத்து வாடகை வீட்டை லூர்து இந்த மாதமே காலி செய்தாக வேண்டும். சீட்டில் வீடு வந்தால் பிழைத்தான். தோப்பு வந்தால் பெண்டாட்டியோடு தெருவில்தான்.

மஞ்சக்குப்பம் வீட்டில் குடியிருந்த அண்ணன் ஞானப்பிரகாசம் வாசலிலேயே காத்திருந்தார். ஹால் ஓரத்தில் அட்டைப்பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள்.

"பாத்தியா? சீட்டு எடுக்கறதுக்குள்ள அப்பாவோட பித்தளைச் சாமான எல்லாம் ஒதுக்கிட்டாங்க" என்று லூர்து மனைவியின் காதைக் கடித்தான்.

அண்ணி வியாகுலமேரி காபி கொண்டுவந்து வைத்தாள். அவன் முகத்தை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கண் வேறு சிவந்திருந்தது. அதையும் லூர்து கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

"சீட்டு எழுதலாமாண்ணே?"

"காலையிலயே எழுதி மடிச்சு வெச்சிட்டன்டா. நீயே மொதல்ல எடு."

லூர்துவுக்குச் சுருக்கென்றது. எழுதியதை யாரும் பார்க்கவில்லை. எதிலும் முந்திக்கொள்கிற அண்ணன், இன்று தம்பியை முதலில் எடுக்கச் சொல்கிறார்! சந்தேகமே இல்லை, இரண்டிலும் தோப்புதான். 'மாட்டிக்கிட்டீங்கண்ணே' என்று மனதுக்குள் சிரித்தான்.

மாதா காலடியில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. லூர்து ஒரு சீட்டை எடுத்தான். பிரிக்கவில்லை. அப்படியே தீயில் காட்டினான்.

"டேய், டேய்! என்னடா பண்ற?" அண்ணன் பாய்ந்து வருவதற்குள் சீட்டு கருகிச் சாம்பலாகிவிட்டது.

"என் சீட்டு மாதாவுக்கே போவட்டும்ணே. மிச்சம் இருக்கறது உங்க சீட்டு. அதுல எது எழுதியிருக்கோ அது உங்களுக்கு, இன்னொண்ணு எனக்கு. அவ்வளவுதான?"

அதில் தோப்பு என்று இருக்கப்போகிறது. அப்படியானால் எரிந்தது வீடு என்றுதான் ஆகவேண்டும். அண்ணனால் மறுத்துப் பேச முடியாது.

ஞானப்பிரகாசத்தின் முகம் வெளிறியது. "வேணாம்டா லூர்து. வேற சீட்டு எழுதிப் போடலாம்."

"ஏன், பயமா இருக்கா?" மற்ற சீட்டை லூர்துவே எடுத்துப் பிரித்தான்.

'மஞ்சக்குப்பம் வீடு.'

லூர்து சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்படியென்றால் சீட்டில் கள்ளமே இல்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பில் தோப்பை எடுத்து, அதைத் தன் கையாலேயே எரித்தும் விட்டான்.

"சீட்டு கெடக்குது விடுடா" என்றார் அண்ணன் மெதுவாக. "வீட்ட நீயே எடுத்துக்க. நாங்க தோப்புல ஒரு கொட்டாய் போட்டு இருந்துக்கறோம்."

லூர்து நிமிர்ந்தான். "கைக்கு வந்த வீட்ட எதுக்கு விடறீங்க? வீட்டு மேல கேஸு கீஸு எதுனா இருக்கா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லடா..."

"அப்ப பிச்சையா? எனக்கு வேணாம். மாதா குடுத்தது தோப்பு, அது போதும்."

பெலிசியா கையைக் கிள்ளியதைக்கூடப் பொருட்படுத்தாமல் அவளை இழுத்துக்கொண்டு வெளியேறினான். தெருமுனைக்கு வந்த பிறகுதான் குடையை மறந்து வைத்தது நினைவுக்கு வந்தது. அவளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

திறந்திருந்த ஜன்னல் வழியாக அண்ணியின் அழுகுரல் கேட்டது.

"மாதா முன்னாடி பொய் வேணாங்க, ரெண்டு சீட்டுலயும் வீடுன்னே எழுதாதீங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டீங்களா? இப்ப கட்டுன பெட்டிய எல்லாம் யாரு அவுக்கறது?"