இரண்டு ரசம்

சாருலதா கண்ணாடி ஊசியின் முனையை ரசத்துக்குள் இறக்கினாள்.

ரசத்துக்காகச் செய்த ஊசி அல்ல அது. கண்ணாடிக் குழாயைச் சூட்டில் இழுத்து, தலைமுடியைவிட நூறு மடங்கு மெல்லிய முனையாக்கி, பொட்டாசியத்தை மட்டும் அடையாளம் காணும் திரவத்தை அதில் ஏற்றியிருந்தாள். எலியின் துடிக்கும் இதயத் தசையில் அதைச் செருகிப் பொட்டாசியத்தை அளப்பதுதான் டிராம்பே ஆய்வகத்தில் அவளுடைய பன்னிரண்டு வருட வேலை.

இன்றைக்கு எலியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மன்னியைக் கையும் களவுமாகப் பிடித்தால் போதும்.

முந்தாநாள் அப்பாவின் இதயம் தடுமாறியது. ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏழுக்கு மேல் போயிருந்தது. பாதிச் சிறுநீரகத்தை வைத்து ஓட்டுகிற மனிதருக்கு இது எங்கிருந்து வந்தது என்று டாக்டர் கேட்டார். டயாலிசிஸ் செய்துதான் பிழைக்க வைத்தார்கள்.

மன்னி சத்தியம் செய்தாள். இளநீர் கொடுக்கவில்லையாம். வாழைப்பழம் கொடுக்கவில்லையாம். காயைக்கூட வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் போட்டாளாம்.

யாரிடம் காது குத்துகிறாள்? ஐசியூ வாசலில் பத்துப் பேர் பார்க்க சாருலதா அவளைக் கேட்டாள் கேள்வி. அண்ணாகூட அதற்குப் பிறகு பெண்டாட்டியிடம் பேசவில்லை.

ஒரு மாதமாக ரசம் கசக்கிறது என்று அப்பா சொல்லிக்கொண்டுதான் இருந்தார். மன்னியின் கைப்பக்குவம் அப்படி என்று சாருலதா சிரித்தாள்.

பிபி என்று டாக்டர் சொன்ன அன்றே மாட்டுங்கா வீட்டின் ஊறுகாயையும் அப்பளத்தையும் பரணில் ஏற்றியவள் சாருலதா. அப்பாவுக்கென்று ஒவ்வொரு சாமானையும் தேடித் தேடி வாங்கிப் போட்டவளும் அவள்தான். அதை ஒழுங்காகச் சமைத்துப் போட இந்த மன்னிக்குத் துப்பில்லை.

இன்று காலை அப்பாவை வார்டுக்கு மாற்றினார்கள். வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம் என்றார்கள். மன்னியை அடுப்படிப் பக்கமே விடாமல் சாருலதாவே ரசம் சாதம் செய்து, ஒரு மணிக்குக் கொடுத்துவிடு என்று கேரியரை அண்ணாவிடம் நீட்டினாள். ஃப்ரிட்ஜில் முந்தாநாள் ரசம் மிச்சமிருந்தது. வீட்டுக்கு வைத்தது ஒன்று, அப்பாவுக்குத் தனியாக வைத்தது ஒன்று. இரண்டையும் சின்னப் புட்டிகளில் ஊற்றிக்கொண்டு ஆய்வகத்துக்கு பஸ் ஏறினாள்.

வீட்டு ரசத்தில் எண் சாதாரணமாக நின்றது.

அப்பாவின் ரசத்தில் எகிறியது. ஊசியை மாற்றி மறுபடி அளந்தாள். நாலு மடங்கு.

தக்காளி தானாக நாலு மடங்காகாது. வேண்டுமென்றே எதையோ போட்டிருக்கிறாள், படுபாவி. சாருலதா போனை எடுத்தாள்.

"அப்பா ரசத்துல மட்டும் என்ன கலந்தேள், மன்னி? மறைக்காம சொல்லுங்கோ. மெஷின் காட்டிக் குடுத்துடுத்து."

"நான் என்னத்தைக் கலந்தேன்? பிபிக்குன்னு நீ ஒரு உப்பு வாங்கிண்டு வந்தியே, அதைத்தான் போடறேன். டப்பா மேல 'அப்பாவுக்கு மட்டும்'னு நீதானே எழுதி ஒட்டினே."

சோடியம் குறைந்த உப்பு. பாக்கெட்டின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பின்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை.

சோடியத்தை எடுத்த இடத்தில் வேறு எதைப் போடுவார்கள்? ஊசியைச் சரிபார்க்கத் தினமும் அவள் கரைக்கும் வெள்ளை உப்பு மேஜைமேலேயே இருந்தது. பொட்டாசியம் குளோரைடு.

காலையில் ரசத்துக்கு அந்த 'அப்பாவுக்கு மட்டும்' டப்பாவைத்தான் திறந்திருந்தாள். இரண்டு நாளாக வாய் செத்துக் கிடக்கிறவர் என்று ஒரு சிட்டிகை கூடவே போட்டிருந்தாள்.

மன்னியின் அழைப்பைத் துண்டித்துவிட்டு அண்ணாவை அழைத்தாள். மணி ஒன்று பத்து. போன் அடித்துக்கொண்டே இருந்தது.