ரெண்டுதான் சொன்னான்

"வாயைத் திறந்து பதில் சொல்லுங்க மேடம். குத்துக்கல் மாதிரி நின்னா விட்டுடுவேன்னு நெனச்சீங்களா?"

அண்ணன்காரன் போட்ட சத்தத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து முறைத்துவிட்டுப் போனாள். அவன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. உள்ளே தம்பி, தலையில் ஆபரேஷன் செய்து, கட்டோடு படுத்துக் கிடக்கிறான். எதிரே, கல்லூரி பிசியோதெரபிஸ்ட் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள். பொறுமை எங்கிருந்து வரும்?

"முதல் பாதியிலேயே தலையோட தலை மோதி விழுந்திருக்கான். தள்ளாடிக்கிட்டே வெளியே வந்திருக்கான். அப்பவே உக்கார வெச்சிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா? மறுபடி உள்ளே அனுப்பியிருக்கீங்க. போய் இன்னொரு பந்தைத் தலையால முட்டி, சுருண்டு விழுந்தான். உங்க கூடப்பிறந்தவனா இருந்தா அனுப்புவீங்களா?"

"டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டுத்தான்..."

"யாருகிட்ட டெஸ்ட் கதை சொல்றீங்க? இதே ஃபுட்பால் டீமுக்குக் கேப்டனா இருந்தவன் நான். அந்த டெஸ்ட் எனக்கு அத்துப்படி."

நிஜந்தான். சீசன் தொடங்கும்போதே ஒவ்வொரு ஆட்டக்காரனையும் உட்கார வைத்து ஐந்து வார்த்தை சொல்வாள். குடை, சாவி, ரயில் என்று சம்பந்தமில்லாத வார்த்தைகள். கொஞ்ச நேரம் வேறு எதையாவது பேசிவிட்டு, திருப்பிச் சொல்லச் சொல்வாள். எத்தனை ஞாபகம் வருகிறதோ அதுதான் அவனுக்கு அளவு. பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் மறுபடி வேறு ஐந்து வார்த்தை. பழைய அளவுக்குக் குறைந்தால் அவன் வெளியேதான். தப்பில்லாத ஏற்பாடு.

"அன்னிக்கு எத்தனை சொன்னான்?"

"ரெண்டு."

"அஞ்சுல ரெண்டு. அதுக்கப்புறமும் அனுப்பியிருக்கீங்க."

"சீசன் ஆரம்பத்துலயும் ரெண்டுதான் சொன்னான்."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் மேடம். அவன் ஒரு தடவை பாடம் கேட்டா போதும், அப்படியே ஒப்பிப்பான். அவனுக்கா ரெண்டே ரெண்டு வார்த்தை ஞாபகம் இருக்கும்? ஆரம்பத்துல நீங்க டெஸ்டே வெச்சிருக்க மாட்டீங்க. இப்ப தப்பிக்க வழி தேடறீங்க."

அப்போதுதான் அவள் முதல்முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். பெஞ்சில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவின் பக்கம் பார்வை போனது. எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

"உள்ளே அனுப்பினது நான்தான். தப்பு என்னோடதுதான்" என்றாள்.

"கேட்டீங்களா சார்? அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க" என்று பக்கத்தில் நின்ற கல்லூரி முதல்வரிடம் திரும்பினான். "இவங்களை வேலையை விட்டுத் தூக்காம நான் விடப்போறதில்லை. எத்தனை பெரிய இடத்துக்கு வேணும்னாலும் போவேன்."

முதல்வர் தொண்டையைச் செருமினார். "நாளையிலேர்ந்து காலேஜுக்கு வர வேணாம்மா."

"சரி சார்."

அம்மா எழுந்து அவளிடம் வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓடி விளையாடிட்டு இருந்த புள்ளைம்மா. வலது கை அசையலைங்கிறாங்க. உன்னை நம்பித்தானே அனுப்பினேன்."

அவள் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, "அவனை ஒரு தடவை பார்த்துட்டுப் போகட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அவன் மூஞ்சியில முழிக்கிற தகுதி உங்களுக்கு இல்லை. போங்க."

போய்விட்டாள். மருந்துக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லை, என்ன நெஞ்சழுத்தம் என்று அவன் பொருமினான்.

நர்ஸ் வந்து, "கண் முழிச்சிட்டார். ஒருத்தர் மட்டும் வாங்க. ரொம்பப் பேச வைக்காதீங்க" என்றாள். அம்மா, "நீ போடா முதல்ல" என்று அவனை அனுப்பினாள்.

மொட்டைத் தலையும் கட்டுமாகத் தம்பியைப் பார்க்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அருகில் போனான்.

"அண்ணா... அது... அது வேணும்." இடது கையால் காட்டினான். "அந்த... குடிக்கிறது."

தண்ணீர் என்ற வார்த்தை வரவில்லை அவனுக்கு. அண்ணன் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தான்.

"பிசியோ அக்கா... எங்கே?"

"அவ பேச்சை எடுக்காதே. வேலையை விட்டே தூக்க வெச்சுட்டேன். உன்னை இப்படி ஆக்கினவளைச் சும்மா விடுவேனா?"

தம்பி தலையை அசைக்கப் பார்த்தான். முடியவில்லை. கண் ஓரம் நனைந்தது.

"அவங்க என்ன பண்ணாங்க? நீ சொன்ன மாதிரிதானே... நான் செஞ்சேன்."

"நான் என்னடா சொன்னேன்?"

"ஷூ வாங்கிக் கொடுத்தியே... அன்னிக்கு. ஆரம்பத்துல வேணும்னே ரெண்டு மட்டும் சொல்லு. அப்புறம் அடிபட்டாலும்... ரெண்டு சொன்னா போதும், வெளியே உக்கார வேணாம்னு. நாங்க எல்லாரும் அப்படித்தான்னு... சிரிச்சியேண்ணா."

அண்ணனுக்கு, அன்று சிரித்தது ஞாபகம் வந்தது. அந்த ஷூவின் நிறம்கூட ஞாபகம் வந்தது.

தம்பி ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்தான்.

"ஆம்புலன்ஸ்ல... நினைவு தப்பறதுக்கு முன்னாடி அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அண்ணன் சொல்லிக் கொடுத்ததுன்னு... அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம், தாங்க மாட்டாங்கன்னேன். சரின்னாங்க."

கதவின் கண்ணாடிக்கு வெளியே அம்மாவின் முகம் தெரிந்தது. தம்பி பயத்தோடு அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அக்கா சொல்லிட்டாங்களாண்ணா?"