குதிக்கிற மெஷின்

"துணி பிழியும்போது குதிக்குது தம்பி. நான் பிடிச்சுக்கலைன்னா வாசல் வரைக்கும் போயிடும். புதுசு வாங்கலாம்னா இவ கேக்க மாட்டேங்கிறா" என்றார் கணவர்.

"வீட்டுல சும்மாதானே இருக்கீங்க? பிடிச்சுக்குங்க" என்றாள் மனைவி.

மெக்கானிக் சிரித்துக்கொண்டே வாஷிங் மெஷினைச் சாய்த்து அடியில் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். கணவர் உள்ளே போனார்.

"மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. அடியில இருக்கிற ஒரு காலை யாரோ ஸ்பேனர் போட்டுத் தளர்த்தியிருக்காங்க. முறுக்கிவிட்டா போதும்."

"வேண்டாம் தம்பி. தளர்த்தினது நான்தான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வாதம் வந்து அவருக்கு வலது கை விழுந்துபோச்சு. பயிற்சிக்கு டாக்டர் பந்து குடுத்தார். 'நான் என்ன குழந்தையா'ன்னு வீசிட்டார். இது குதிச்சா மட்டும் பதறிப்போய் ரெண்டு கையாலயும் பிடிக்கிறார்."

கணவர் தண்ணீரோடு வந்தார். டம்ளர் வலது கையில் இருந்தது. கை நடுங்கிப் பாதி சிந்தியிருந்தது. எந்தக் கையில் எடுத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மெக்கானிக் மிச்சத்தைக் குடித்துவிட்டு ஸ்பேனரைப் பைக்குள் போட்டார்.

"புதுசெல்லாம் எதுக்கு சார்? இது இப்படித்தான் குதிக்கும். நீங்க நல்லா அழுத்திப் பிடிச்சுக்குங்க."