முதல் பாட்டு தவறக் கூடாது

அமெரிக்காவின் நாஷ்வில்லில் தேவாலயமாக இருந்து அரங்கமான அந்தப் பழைய கட்டடத்தில் உட்கார்ந்து புளூகிராஸ் என்னும் நாட்டுப்புற இசைக் கச்சேரி கேட்பது வெர்லீனின் நாற்பது வருட ஆசை. இன்றைக்குத்தான் டிக்கெட் கிடைத்தது.

தொடங்க ஐந்து நிமிடம் இருக்கையில் கணவர் ஹோபர்ட்டைக் காணோம். வெளியே, கார்களுக்கு நடுவே, நாலு பேரோடு வட்டமாக நின்று பாஞ்சோவின் தந்திகளை மீட்டிக்கொண்டிருந்தார். அந்த நாலு பேரின் முகத்தைக்கூடப் பாராமல் வெர்லீன் அவர் காதைப் பிடித்தாள்.

"யோவ், உன்னால நான் முதல் பாட்டை விடணுமா?"

"அடியே, விஷயத்தைக் கேளு..."

"கோயிலா இருந்த இடம். மூச்!"

"அவங்க என்னை..."

வாயில் சோளரொட்டியைத் திணித்து, அரங்கத்துக்குள் இழுத்துவந்து பெஞ்சில் உட்காரவைத்தாள். எழப்போனபோதெல்லாம் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கால் மணியாகியும் மேடை காலி. கடைசியில் அறிவிப்பாளர் ஓடிவந்தார்.

"மன்னிக்கணும். எங்க பாஞ்சோக்காரருக்குத் திடீர்க் காய்ச்சல். பதிலுக்கு வெளியே ஒரு பெரியவரைப் பிடிச்சு ஒத்திகையும் பார்த்தோம். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு அம்மா அவரைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க. யாராவது பார்த்தீங்களா?"

வெர்லீன் தொப்பியை மெல்லக் கழற்றி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஹோபர்ட் ரொட்டியை விழுங்கி முடித்தார்.

"இப்பப் பேசலாமா?"