குணமானதும்...

இடுப்பு எலும்பு உடைந்து மகன் வீட்டில் தங்கியிருக்கும் அம்மாவுக்கும், ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதும் வக்கீல் மருமகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழி பிதுங்கினான் மகன்.

'குணமானதும் அம்மா தன் வீட்டுக்குத் திரும்பலாம்.' இதுவரை இருவருக்கும் சம்மதம். எது குணம் என்பதில்தான் குடுமிப்பிடி. ஆளுக்கொரு விளக்கம் சொல்ல, இரண்டையும் மருமகளே டைப் அடித்து மேஜையில் வைத்திருந்தாள்.

முதல் தாளை எடுத்தான். 'கைத்தடியோடு வாசல்வரை நடந்தால் குணம்.'

மனைவியிடம் எகிறினான். "உனக்கு மனசாட்சியே கிடையாதா? தத்தித் தத்தி வாசலைத் தொட்டதுமே துரத்திடுவியா?"

அவள் மேஜையைக் கண்ணால் காட்டினாள்.

அடுத்த தாள். 'தண்ணீர் வாளியோடு மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்காமல் ஒரு பாட்டுப் பாடினால் குணம்.'

"அம்மா, நீயும் ரொம்ப ஓவராப் போறே! இந்தக் கணக்குல பார்த்தா எனக்கே இன்னும் குணமாகலை!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"வாசல்வரைன்னு சொன்னது நான்டா! மாடி, வாளி, பாட்டு எல்லாம் உன் பொண்டாட்டி போட்ட கண்டிஷன். போதாக்குறைக்கு என் வீட்டுச் சாவியை வேற ஒளிச்சு வெச்சிருக்கா. முதல்ல அதை வாங்கிக் கொடு!"